அழுகாச்சி என்னும் வசை

சில மாதங்களுக்கு முன் ஓர் ஆய்வுக் குழுவின் எதிரே என் மாணவி ஒருத்தி நின்றாள். வீராம்பட்டினத்துப் பெண். என் ஊர்க்காரி என்பதற்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே படிக்கிற பிள்ளை. கடற்கரைப் பெண்களின் அன்றாடப் பேச்சில் தொலைக்காட்சித் தொடர்களின் கதைமாந்தர் எவ்வாறு புழங்குகின்றனர் என்பதை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள விரும்பினாள். மையமாக அவள் வைத்திருந்தது ராதிகாவின் 'சித்தி'. குழுவில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் தலைப்பை உரக்க வாசித்தார், பிறகு சிரித்தார். "அழுகாச்சி சீரியலுக்கெல்லாம் டாக்டர் பட்டமாம்மா?" மற்றவர்களும் சிரித்தார்கள். அவர்களில் சற்றுப் பரிவுள்ள ஒருவர், நெய்தல் திணையில் ஏதேனும் எடுத்துக்கொள்ளலாமே, அம்மூவனார் இருக்கிறாரே என்று ஆலோசனை சொன்னார். கடற்கரைப் பெண்ணுக்குக் கடற்கரைத் திணை. என்ன பொருத்தம்!

நானும் அந்த அறையில் இருந்தேன். ஏதோ சொன்னேன், போதுமான அளவு சொல்லவில்லை. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்த நிறுவனம், யார் அந்தப் பேராசிரியர் என்பதெல்லாம் அவசியமில்லை. அந்தச் சிரிப்பு தமிழ் இலக்கியச் சூழலில் எல்லா அறைகளிலும் கேட்கக்கூடிய சிரிப்பு. சிற்றிதழ்களில் இருபத்தைந்து ஆண்டுகளாக அதைக் கேட்டு வருகிறேன். தமிழ்ப் பண்பாட்டின் சீரழிவுக்கு உதாரணம் தேவைப்படும்போதெல்லாம் நம் கட்டுரையாளர்கள் கை நீட்டும் பொருள்கள் இரண்டு: ஒன்று குத்துப்பாட்டு, மற்றது மெகா தொடர். இரண்டாவதைப் பற்றி எழுதியவர்களில் எத்தனை பேர் ஒரு தொடரின் பத்துப் பகுதிகளையேனும் தொடர்ச்சியாகப் பார்த்திருப்பார்கள் என்று கேட்டால் கூட்டம் கலைந்துவிடும்.

முதலில் அந்த நடிகையைப் பற்றிப் பேசுவோம். அவரைப் பற்றிப் பேசாமலேயே அவர் செய்ததை இகழ்வது நம் வழக்கமாகிவிட்டது.

1978இல் பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' வந்தது. கடைசிப் பெட்டியின் பின்புறத்தில் காதலன் எழுதி அனுப்பும் சேதிக்காகத் தண்டவாளத்தோரம் காத்துநிற்கும் பாஞ்சாலியாக ராதிகா அறிமுகமானார். எம்.ஆர். ராதாவின் மகள் என்பது அன்று செய்தி. 1981இல் தெலுங்கில் 'நியாயம் காவாலி', 1986இல் கே. விஸ்வநாத்தின் 'சுவாதி முத்யம்', அதே ஆண்டு இந்தியில் 'நசீப் அப்னா அப்னா' என்று மொழி எல்லைகளைக் கடந்தார். 'சுவாதி முத்யம்' ('சிப்பிக்குள் முத்து' என்று தமிழிலும் வந்தது) கமல்ஹாசனின் படமாகவே நினைவுகூரப்படுகிறது. ஆனால் சிறு மகனோடு நிற்கும் அந்த இளம் விதவையின் முகத்தில் அச்சமும் வெட்கமும் மெல்லப் பொறுப்பாக மாறுவதை எடுத்துவிட்டால், அப்பாவி நாயகன் வெறும் வேடிக்கைப் பொருளாகியிருப்பான். பிரதாப் போத்தன் இயக்கிய 'மீண்டும் ஒரு காதல் கதை'யைத் தயாரித்தவர் ராதிகா. இயக்குநரின் முதல் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. அதாவது, தொலைக்காட்சி வருவதற்கு முன்பே அவர் தயாரிப்பாளர். 'வாய்ப்பில்லாமல் சின்னத்திரைக்குப் போனவர்' என்று எழுதுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

1990இல் வஸந்தின் முதல் படமான 'கேளடி கண்மணி'. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எஸ்.பி. பாலசுப்ரமணியம் மனைவியை இழந்தவர், ஒரு பெண் குழந்தைக்குத் தந்தை. ராதிகா ஆசிரியை. செவியும் பேச்சும் இல்லாத பெற்றோருக்கு மகள். வீட்டில் கைகளாலும் கண்களாலும் பேசி வளர்ந்தவள் என்பதை அந்த நடிப்பு எங்கேயும் விளக்கிச் சொல்வதில்லை. பிறர் பேசும்போது உதடுகளைக் கவனிக்கும் பார்வையில், பதில் சொல்வதற்கு முன் விழும் சிறிய இடைவெளியில் அது இருக்கிறது. அவளுக்கும் அவருக்கும் திருமணம் நடக்க வேண்டும். அந்தச் சிறுமிக்கு அது பிடிக்கவில்லை. நின்றுவிடுகிறது. பாத்திரத்தின் பெயர் சாரதா.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1999 டிசம்பரில், சன் தொலைக்காட்சியில் 'சித்தி' தொடங்கியது. சி.ஜே. பாஸ்கர் இயக்கம். மனைவியை இழந்த ஒருவர் (சிவகுமார்), அவருடைய பெண் குழந்தை, இரண்டாந்தாரமாக அந்த வீட்டுக்குள் வரும் பெண். அவள் பெயரும் சாரதா.

இது தற்செயலாகவே இருக்கட்டும், எனக்குக் கவலையில்லை. ஒரே நடிகை, ஒரே பெயர், ஏறத்தாழ ஒரே சிக்கல். திரைப்படத்தில் கதை அந்தத் தந்தையுடையது, மகளுடையது. சாரதா காத்திருக்கிறாள். அவள் காத்திருப்பின் நீளத்தை வெட்டிச் சுருக்கி இரண்டரை மணி நேரத்துக்குள் வைக்க வேண்டிய நிர்ப்பந்தம் சினிமாவுக்கு உண்டு. தொடரிலோ காத்திருந்தவள் உள்ளே வந்துவிட்டாள். அடுப்படிக்குள், உறவுகளுக்குள், இன்னொருத்தி பெற்ற பிள்ளையின் தலைவாரலுக்குள் வந்துவிட்டாள். 2001 நவம்பர் வரை 400க்கும் மேற்பட்ட பகுதிகள் அவளுக்குக் கிடைத்தன. தமிழ்த் திரை, இரண்டாந்தாரமாக வந்த ஒரு பெண்ணுக்கு அதற்கு முன் இவ்வளவு நேரம் கொடுத்ததில்லை. 'நீட்டல்' என்று நாம் இகழ்வது எதை என்பதை இந்த இடத்தில் யோசிக்க வேண்டும். சிலருடைய வாழ்க்கை நீண்டதாகவே இருக்கிறது. அதைச் சுருக்கிச் சொன்னால் பொய்யாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. 1966இல் கே.எஸ். கோபாலகிருஷ்ணன் எடுத்த படத்தின் பெயரும் 'சித்தி'தான். அதில் பத்மினியை இரண்டாந்தாரமாகக் கட்டிக்கொள்ளும் பணக்கார முதியவராக நடித்தவர் எம்.ஆர். ராதா. தந்தை மாப்பிள்ளையாக வந்து படம் முழுவதையும் தன் குரலால் நிறைத்த கதையின் பெயரில், முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து மகள் சித்தியாக வருகிறார். இதை ஓர் ஆங்கிலப் பேராசிரியர் அமெரிக்க உதாரணத்தோடு சொல்லியிருந்தால் நம் ஆய்வாளர்கள் அதைக் கருத்தரங்கம் வைத்துக் கொண்டாடியிருப்பார்கள்.

அமெரிக்க உதாரணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. லூசில் பால் என்ற நடிகை. ஹாலிவுட் படங்களில் பெரிய நட்சத்திரமாக ஆக முடியாமல் 1951இல் 'ஐ லவ் லூசி' என்ற தொலைக்காட்சித் தொடருக்கு வந்தவர். கணவரோடு சேர்ந்து டெசிலு என்ற தயாரிப்பு நிறுவனத்தை நடத்தினார். 1962இல் கணவரின் பங்கையும் வாங்கி அதன் தலைவரானார். 'ஸ்டார் ட்ரெக்' அந்த நிறுவனத்திலிருந்து வந்ததுதான். ஓர் அசட்டு இல்லத்தரசியாக வந்து சிரிக்கவைத்த அந்தத் தொடரைப் பற்றி அங்கே எழுதப்பட்ட நூல்கள் ஒரு அலமாரிக்கு வரும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே அவருக்குக் கண்காட்சி வைத்தது. அவர்கள் அறிவாளிகள், நாம் மூடர்கள் என்பதல்ல என் வாதம். ஐம்பதுகளில் அவர்களும் சிரித்தவர்கள்தான். பிறகு, கோடிக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றால் அது வரலாறு என்று அவர்களுக்கு உறைத்தது. நமக்கு இன்னும் உறைக்கவில்லை.

ராதிகாவின் ராடான் நிறுவனம் தொண்ணூறுகளின் நடுவில் உருவானது. ஏன் அப்போது? 1993இல் 'கிழக்குச் சீமையிலே'யில் அவர் விருமாயி. கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கும் தாய். அப்போது அவருக்கு முப்பதை ஒட்டிய வயது. 1995இல் 'பசும்பொன்' படத்தில் பிரபுவுக்குத் தாய். பிரபு அவரைவிட வயதில் மூத்தவர்! இந்த அநியாயத்தை யாரும் அநியாயமாகக் கருதவில்லை, ஏனென்றால் அது சினிமாவின் இயல்பு. அவரோடு எண்பதுகளில் ஜோடியாக நடித்த ஆண்களெல்லாம் அதே தொண்ணூறுகளில் இருபது வயதுப் பெண்களோடு மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். விருமாயியை அவர் எப்படி நடித்தார் என்பது வேறு விஷயம். அண்ணனுக்கும் கணவனுக்கும் நடுவே கிழிபடும் அந்தப் பெண்ணின் நடையிலேயே இரண்டு வீடுகளின் தூரம் தெரியும். ஆனால் அத்தனை திறமைக்கும் சினிமா வைத்திருந்த அடுத்த படி அம்மா, அதற்கடுத்தது பாட்டி.

அவர் அந்தப் படியில் ஏறாமல் வேறு வீடு கட்டினார். அன்றைய தொலைக்காட்சியில் தயாரிப்பாளர் ஒளிபரப்பு நேரத்தை விலைகொடுத்து வாங்கி, விளம்பர நேரத்தை விற்று, நட்ட லாபத்தைத் தானே ஏற்க வேண்டும். நடிப்பது ஒரு பாதி வேலை என்றால் கணக்குப் பார்ப்பது மறுபாதி. தன் முகத்தைத் தானே முதலீடாக வைத்த ஒரு பெண், 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே', 'வாணி ராணி' என்று 2018 வரை ஏறத்தாழ இடைவிடாமல் ஒரு தொழிலை நடத்தினார். நிறுவனம் பங்குச் சந்தை வரை போனது. நம் பெண்ணிய விமர்சகர்கள் இதை ஒரு பத்தியாவது எழுதியிருக்கிறார்களா? தேடிப் பார்த்தேன். எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை தொடர்களில் வரும் மாமியார்களின் புருவத்தைப் பற்றியவை.

நியாயமான எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. அவற்றை நான் மறைக்கப் போவதில்லை. 'வாணி ராணி' 1700க்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடியது. அதில் கால்வாசியை யாராவது எனக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சியாகக் கொண்டுவந்தால் நான் தோற்றுப்போவேன். கடத்தல், விஷம், ஒட்டுக்கேட்டல், ஒரு அதிர்ச்சிக்கு மூன்று முகங்களின் நெருக்கக் காட்சி, அதற்கு இடிமுழக்கம். 'அரசி' காவல்துறை அதிகாரியாக வந்தபோது 'சித்தி'யின் சாரதாவிடம் இருந்த தயக்கம் முழுவதும் காணாமல் போயிருந்தது. தவறே செய்யாத பெண் என்ற பிம்பம் நடிகையை மெல்ல விழுங்கியது. 2020இல் 'சித்தி 2' என்று பழைய பெயரை மீண்டும் எடுத்தபோது, அடுத்த ஆண்டே அவர் அதிலிருந்து விலக நேர்ந்தது. அரசியலில் அவர் எடுத்த முடிவுகளோடும் எனக்கு உடன்பாடில்லை. 2024இல் விருதுநகர் மக்களவைத் தொகுதியில் நின்று மூன்றாமிடம் பெற்றார். தொடர் பார்க்கும் பெண்கள் திரையில் காட்டியதையெல்லாம் நம்பும் ஏமாளிகள் என்ற கோட்பாட்டுக்கு அந்த முடிவு ஒரு பதில் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

ஆனால் தரம் குறைந்தது என்பதால் ஆராயத் தகுதியற்றது என்பது எந்த ஊர் ஆய்வு நெறி? வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் 'ஜகன்மோகினி'யை நடத்தி, நூறுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். அவற்றில் பெரும்பாலானவற்றை இன்று வாசிப்பது கடினம். மணிக்கொடிக்காரர்களின் வரலாற்றை எழுதியவர்கள் அவரை அடிக்குறிப்பில் தள்ளினார்கள். இன்று அவரைப் பற்றி ஆய்வேடுகள் வருகின்றன, நல்லது. கல்கி 1950 முதல் 1954 வரை வாரவாரம் நீட்டிய 'பொன்னியின் செல்வன்' நமக்குச் செவ்வியல். வாராவாரம் ஒரு திடுக்கிடலில் நிறுத்துவது கல்கி செய்தால் கதைத் திறன், நாள்தோறும் அதைச் செய்தால் அழுகாச்சி. அச்சில் வந்தால் தொடர்கதை, ஆண்கள் படிப்பது. திரையில் வந்தால் சீரியல், பெண்கள் பார்ப்பது. வேறுபாடு இங்கேதான் இருக்கிறது என்று நான் சந்தேகிக்கிறேன். 'அழுகாச்சி' என்பது வடிவத்தின் மீதான விமர்சனமே அல்ல. அழுகிறவர்கள் யார் என்பதைச் சுட்டுகிற வசை.

நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து சிறிது தொலைவில், கருவடிக்குப்பத்தில், சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. 1922இல் புதுச்சேரியில்தான் அவர் மறைந்தார். ஆண்டுதோறும் நாடகக் கலைஞர்கள் வந்து பூசை செய்கிறார்கள். சிறந்த தமிழ்த் திரைப்படத்துக்குப் புதுவை அரசு அளிக்கும் விருது அவர் பெயரில் இருக்கிறது. இன்று எந்தத் தமிழ்த் துறையிலும் அவரைப் பற்றி ஆய்வு செய்யலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் அவர் வாழ்ந்த காலத்தில் அந்தத் தொழிலின் பெயர் கூத்தாடித்தனம். வள்ளி திருமணத்தையும் பவளக்கொடியையும் இரவு முழுக்க நீட்டி, பாட்டும் அழுகையுமாக நடத்திய மேடைகளைப் பண்டிதர்கள் என்ன சொன்னார்கள் என்று பழைய இதழ்களைப் புரட்டினால் தெரியும். நாம் இன்று தொடருக்குச் சொல்வதையேதான். அந்தப் பாய்ஸ் கம்பெனி மரபில் வளர்ந்தவர் எம்.ஆர். ராதா. அவருடைய மகள்தான் அந்த இரவு நாடகத்தை வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர். இந்தக் கோட்டை ஒரு நாடக வரலாற்றாசிரியர் இழுத்துக் காட்ட வேண்டும். ஒரு முதுகலைப் பாடத்திட்டத்தில்கூட நான் அதைக் கண்டதில்லை.

என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நானும் சிரித்தவள். 2000, 2001இல் நான் கல்லூரி மாணவி. என் அம்மா மீன் விற்பவர். விடியலுக்கு முன் கரையில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையைத் தூக்கி டெம்போவில் ஏற்றி, புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் உட்கார்ந்து, சாயங்காலம் திரும்புவார். இரவில் 'சித்தி'. எங்கள் வரிசையில் தொலைக்காட்சி இருந்த வீட்டுக்குள் இருபது பெண்களாவது உட்கார்ந்திருப்பார்கள். மீன் கவிச்சியும் மல்லிகையும் கலந்த அந்த வாசனை இப்போதும் நினைவில் இருக்கிறது. நான் வெளியே திண்ணையில் ஏதோ ஒரு சிற்றிதழைப் பிடித்துக்கொண்டு, உள்ளே கேட்கும் இசைக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பேன். மாணவர் இதழ் ஒன்றில் ஒரு கட்டுரையும் எழுதினேன். 'மழுங்கடிக்கப்பட்ட மூளைகள்' என்ற தொடர் அதில் இருந்தது. அச்சில் என் பெயரைப் பார்த்த அம்மா, எழுத்தறியாதவர், "இன்னா எழுதிகிற, படிச்சிக் காட்டு" என்றார். நான் அந்தக் கட்டுரையைப் படிக்கவில்லை. பக்கத்தில் இருந்த வேறொருவருடைய கவிதையைப் படித்துக் காட்டினேன். அது என்னுடையது என்று நினைத்துக்கொண்டு அவர் சந்தோஷப்பட்டார்.

மழுங்கிய மூளைகள் மறுநாள் காலை டெம்போவில் என்ன பேசின என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. இந்த மாணவி சேகரித்த குறிப்புகளிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். இரண்டாந்தாரமாக வந்தவள் தனக்கென்று ஒரு பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா கூடாதா என்று ஆறு மாதம் விவாதித்திருக்கிறார்கள். அந்த டெம்போவிலேயே இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்ட பெண்கள் மூவர் இருந்திருக்கிறார்கள். கடலில் புருஷனைப் பறிகொடுத்து, பிள்ளைகளோடு மறுபடி ஒரு வீட்டுக்குப் போனவர்கள், அல்லது தாயில்லாப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குப் போனவர்கள். அவர்கள் தங்கள் கதையை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஊரில் அதற்கு இடமில்லை, பஞ்சாயத்தில் பெண்கள் பேசுவதும் இல்லை. சாரதாவைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு தங்களைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். "நான் சொல்லல, சாரதா சொல்றா" என்பது ஒரு வழக்காகவே ஆகியிருக்கிறது. மூத்தாள் பிள்ளைக்குக் கல்யாணம் பேசும்போது தன்னைக் கேட்கவில்லை என்று ஒரு பெண் கணவனிடம் சண்டை போட்டதை, இன்றும் அந்தத் தெருவில் 'சாரதா சண்டை' என்கிறார்கள்.

இதற்கு என்ன பெயர்? கூற்றை வேறொருத்தி வாயில் வைத்துப் பேசுவதை அகப்பாடலில் நாம் தோழி கூற்று என்று சொல்லி நாற்பது பக்கம் எழுதுவோம். அம்மூவனாரின் தலைவிக்காகத் தோழி பேசினால் இலக்கிய உத்தி. வீராம்பட்டினத்து மீன்காரிக்காகச் சாரதா பேசினால் மழுங்கிய மூளை.

எங்கள் ஊருக்கு அறிவுலகில் ஒரு பெயர் உண்டு. அரிக்கமேட்டுக்கு அண்டையில் இருப்பதால் 1940களின் இறுதியில் அங்கே அகழாய்வு செய்த கசால் என்ற பிரெஞ்சுக்காரர் தம் நூலின் தலைப்பிலேயே வீராம்பட்டினத்தைச் சேர்த்தார். அவருக்கு முன் 1945இல் வீலர் தோண்டினார். ரோமானிய மதுச்சாடியின் கைப்பிடித் துண்டு ஒன்று கிடைத்தால் அதை எண்ணிட்டு, வரைந்து, பெட்டியில் வைப்பார்கள். உடைந்ததா, மலிவானதா, சாதாரண வணிகச் சரக்கா என்று யாரும் கேட்பதில்லை. மக்கள் அதைப் பயன்படுத்தினார்கள் என்பதே போதும். ஆடி மாதத்துச் செங்கழுநீர் அம்மன் தேரைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். பிரெஞ்சு ஆளுநர் வடம்பிடித்ததும், இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம்பிடிப்பதும் பத்திரிகைகளில் தவறாமல் வரும். அதே ஊரில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இரவுதோறும் நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே முகத்தைப் பார்த்து, மறுநாள் அதைப் பற்றி வாதிட்டார்களே, அதை எழுத ஆளில்லை. அந்தப் பெண்களில் பலர் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். சிலர் இல்லை. மதுச்சாடித் துண்டைப் போல அவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் காத்திருக்க மாட்டார்கள்.

ராதிகா நடிப்பதை நிறுத்திவிடவில்லை. 2016இல் 'தர்மதுரை'யில் பாண்டியம்மாவாக வந்தார், 2022இல் 'வெந்து தணிந்தது காடு' படத்தில் மகனைப் பம்பாய்க்கு அனுப்பிவிட்டு நிற்கும் தாயாக வந்தார். விமர்சகர்கள் இந்தப் படங்களைப் பற்றி எழுதும்போது அவருடைய 'திரும்புதல்' என்று எழுதினார்கள். எங்கிருந்து திரும்புதல்? இடையில் அவர் இல்லாமல் போன இடம் எது? அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டிலும் புதுவையிலும் ஈழத்திலும் வேறெந்த நடிகையையும்விட அதிகமான கண்கள் பார்த்த முகம் அவருடையது. விமர்சகர்கள் பார்க்கவில்லை என்பதால் அவர் இல்லை என்று ஆகிவிடாது.

அந்தப் பேராசிரியர் இதைப் படிக்கக்கூடும். அவரிடம் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் எதுவுமில்லை, அவர் நல்ல உரையாசிரியர். ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன் ஐயா. உங்கள் வீட்டிலும் அந்த ஆண்டுகளில் அந்தத் தொடர் ஓடியிருக்கும். நீங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள், நான் திண்ணையில் இருந்ததைப் போல. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் பற்றி என்ன பேசினார்கள் என்று இத்தனை ஆண்டுகளில் ஒரு முறையாவது கேட்டிருக்கிறீர்களா?

மாணவி தலைப்பை மாற்றிக்கொண்டுவிட்டாள். நெய்தல் திணையில் மகளிர் கூற்று என்று பதிவாகியிருக்கிறது. முப்பத்தெட்டுப் பெண்களின் பேச்சைப் பதிந்த அவளுடைய இரண்டு குறிப்பேடுகள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. முதல் ஏட்டின் நான்காம் பக்கத்தில் என் அம்மாவின் பேச்சு இருக்கிறது. அவர் போன ஆண்டு இறந்துபோனார். அதை நான் இன்னும் முழுதாகப் படிக்கவில்லை.